பேச்சில்லாப் பேச்சுப் பயிற்சி: ஆங்கில வகுப்பறைச் செயல்பாடுகளும் பிரபுவின் பணிவழிக் கற்பித்தலும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில வகுப்பறையில் பேச்சுத்திறனை வளர்ப்பதற்கெனப் பரிந்துரைக்கப்பெறும் செயல்பாடுகளுள் பல, எழுதி மனனம் செய்ததை வாய்விட்டுச் சொல்லும் பயிற்சியாகவே முடிகின்றன. இத்தகைய செயல்பாடுகளுக்கு ஆதாரமாக என்.எஸ். பிரபுவின் பெங்களூர்ச் செயல்திட்டம் (1979–1984) நம்மிடையே அடிக்கடி சுட்டப்பெறுகிறது. அத்திட்டமோ மாணவரிடையே உரையாடலை வற்புறுத்திய திட்டம் அன்று. இம்முரணை எடுத்துக்காட்டி, பிரபுவின் வாதங்களுள் ஏற்கத்தக்கவற்றையும் ஏற்கத்தகாதவற்றையும் தமிழ்வழி பயின்று கல்லூரிக்கு வரும் மாணவரின் நிலையிலிருந்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: பேச்சுத்திறன், பணிவழிக் கற்பித்தல், இடைவெளிச் செயல்பாடு, குழுப்பணி, இரட்டைவழக்கு, பிழைதிருத்தம்

முன்னுரை

கலைக்கல்லூரி ஒன்றின் முதலாண்டு வகுப்பில் பாத்திரமேற்றுப் பேசும் பயிற்சி நடைபெற்றது. வங்கியில் கணக்குத் தொடங்க வரும் வாடிக்கையாளர் ஒருவர், எழுத்தர் ஒருவர். உரையாடல் பாடநூலில் அச்சிடப்பட்டிருந்தது. முன்வந்த இருவரும் அதனை முதல்நாள் இரவே மனனம் செய்திருந்தனர். வாடிக்கையாளராக நின்ற மாணவர் பதற்றத்தில் ஒரு வரியைத் தவறவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். எழுத்தராக நின்றவர் சற்றும் தயங்காமல், தம்மிடம் கேட்கப்படாத வினாவுக்கு விடையளித்தார். அதன்பின் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக இறுதிவரை சென்று முடித்தனர். நடந்த பிசகை இருவருமே உணரவில்லை. வகுப்பில் இருந்த ஏறத்தாழ அறுபது மாணவரும் உணரவில்லை. கைதட்டல் எழுந்தது. மதிப்பெண் பட்டியலில் நானும் இருவருக்கும் நல்ல மதிப்பெண்ணையே இட்டேன்.

இந்நிகழ்வு மாணவரின் குறையைக் காட்டுவதாக நான் கருதவில்லை. வாடிக்கையாளராக நின்ற அம்மாணவர், மாலை வேளையில் தந்தையின் கடையில் வடமாநிலத் தொழிலாளர்களிடம் சில ஆங்கிலச் சொற்களையும் சில இந்திச் சொற்களையும் கைச்சைகையையும் கலந்து கணக்குப் பேசி முடிப்பவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். பொருள் கைமாற வேண்டிய இடத்தில் அவரால் பேச முடிகிறது, கேட்கவும் முடிகிறது. வகுப்பறையில் அவர் செய்ததில் கேட்பதற்கு எதுவும் இல்லை. எதிரில் நிற்பவர் சொல்வதைப் பொறுத்துத் தம் அடுத்த கூற்று மாறவேண்டும் என்ற தேவையே அச்செயல்பாட்டில் வைக்கப்படவில்லை.

பேச்சுச் செயல்பாடுகள் என்ற பெயரில் நாம் நடத்துவனவற்றைச் சோதிக்க இதனினும் எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: ஒருவர் சொல்வதை மற்றவர் கேளாமலேயே செயல்பாடு முடிந்துவிடுமாயின் அது பேச்சுப் பயிற்சி ஆகாது. இவ்வளவுகோலின்படி, அச்சிட்ட உரையாடலை நடித்தல் விலகும். ஒரு நிமிடப் பேச்சு விலகும். அது நாவன்மைக்குப் பயன்படலாம், உரையாடலுக்கு அன்று. வேலைவாய்ப்புப் பயிற்சிகளில் பெருமதிப்புப் பெற்றுள்ள குழுக் கலந்துரையாடலிலும், ஒவ்வொருவரும் தம் முறை வரும்வரை காத்திருந்து தாம் கொண்டுவந்த கருத்தைச் சொல்லி அமர்வதே வழக்கமாக இருப்பதால், அதுவும் பெரும்பாலும் விலகும். எஞ்சுவது மிகக் குறைவு.

இந்நிலைக்குக் காரணம் கோட்பாட்டு வறுமை அன்று. பணிவழிக் கற்பித்தல் உலக அளவில் பேசப்படுவதற்கு முதற்காரணமாக இருந்த செயல்திட்டம் நம் பகுதியிலேயே, சென்னையிலும் கடலூரிலும் பெங்களூரிலும் நடந்தது. அதன் நூலை நாம் மேற்கோள் காட்டுகிறோம். அந்நூல் என்ன சொல்கிறது என்பதில்தான் குழப்பம்.

பிரபுவின் ஐந்தாண்டுகள்

1950களின் இறுதியில் சென்னை மாநிலம் ஆங்கிலக் கற்பித்தலில் அமைப்புமுறைப் பாடத்திட்டத்தைப் பரப்புவதற்காக, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை ஆயிரக்கணக்கில் பயிற்றுவிக்கும் பெருமுயற்சியை மேற்கொண்டது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சியளிக்க, உருளும்போதே பெருக்கும் பனிப்பந்தின் பெயரால் அம்முயற்சி அழைக்கப்பட்டது. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சி மூலமும் வகுப்பறைச் சூழல் மூலமும் பதியவைப்பது அதன் நோக்கம். கதவருகே நடந்துகொண்டே ‘நான் கதவை நோக்கி நடந்துகொண்டிருக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும் ஆசிரியரை நம் முந்தைய தலைமுறையினர் நன்கறிவர்.

இரு பத்தாண்டுகளுக்குப் பின் அம்முறையின்மேல் எழுந்த மனநிறைவின்மையே பிரபுவின் தொடக்கப்புள்ளி. அவர் அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றினார். தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையுடன் 1979இல் தொடங்கி 1984 வரை நடந்த திட்டத்தின் அனுபவத்தை, 1987இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி’ என்னும் சிறுநூலில் அவர் எழுதினார். வாக்கிய அமைப்புகளைக் கற்பிக்காமல், பொருளின்மீது மாணவரின் கவனம் முழுவதும் குவியுமாறு பணிகளைக் கொடுத்தால், இலக்கண அமைப்பு தானாக உள்ளத்தில் உருப்பெறும் என்பது அவருடைய கருதுகோள்.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். சூழலுக்கேற்பப் பேசும் ஆற்றலை வளர்ப்பது பிரபுவின் இலக்காக இல்லை. வங்கியில் எப்படிப் பேசுவது, தொலைபேசியில் எப்படிப் பேசுவது என்பனவற்றை அவர் கற்பிக்க முனையவில்லை. அவர் நாடியது இலக்கணத் திறன். அதை அடையும் வழியாகவே பொருள்நோக்கிய செயற்பாட்டைக் கொண்டார். அக்காலத்து இங்கிலாந்தில் வளர்ந்த கருத்துப் பரிமாற்ற அணுகுமுறையிலிருந்து தம் திட்டத்தைப் பிரித்துக்காட்டுவதில் அவர் கவனமாக இருந்தார். நம் பாடநூல் முன்னுரைகளும் ஆய்வேடுகளும் இவ்விரண்டையும் ஒன்றாகவே எழுதிச் செல்கின்றன.

வகுப்பு நடந்தமுறை எளிமையானது. ஒரு பாடவேளையின் முதற்பகுதி முன்பணி. ஆசிரியர் ஒரு கால அட்டவணையையோ வரைபடத்தையோ கரும்பலகையில் இட்டு, முழு வகுப்பையும் நோக்கி வினாக்களைத் தொடுப்பார், மாணவர் விடைகூறுவர். பின்னர் அதையொத்த இன்னொரு பணியை மாணவர் தனித்தனியே செய்து முடிப்பர். சரிபாதி மாணவரேனும் பணியின் சரிபாதியையேனும் சரியாகச் செய்தால் அப்பணி அவ்வகுப்புக்கு ஏற்றது, இல்லையேல் கடினம். பிரபு கையாண்ட இப்பாதிக்குப் பாதி அளவுகோலை இன்றும் எந்த ஆசிரியரும் மறுநாளே கையாளலாம். கோட்பாட்டு நூல்களில் இத்தகைய நடைமுறை அறிவு கிடைப்பது அரிது.

மூன்று இடைவெளிகள்

பிரபு பணிகளை மூவகையாகப் பிரித்தார். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவருக்கு மாற்றுவது தகவல் இடைவெளி. தரப்பட்ட தகவலிலிருந்து புதிய முடிவைக் கணித்துப் பெறுவது தருக்க இடைவெளி. தம் விருப்பத்தையோ மனப்பான்மையையோ வெளியிடுவது கருத்து இடைவெளி. பல வகுப்புகளின் கால அட்டவணைகளைக் கொண்டு ஓர் ஆசிரியருக்குரிய அட்டவணையை உருவாக்குதல் அவர் தரும் தருக்க இடைவெளிப் பணிக்கு எடுத்துக்காட்டு. மூன்றனுள் இவ்வகையே வகுப்பறைக்கு மிகவும் பொருந்தியது என்பது அவர் முடிவு. தகவலைக் கைமாற்றுவதோடு பணி முடிந்துவிட்டால் சிந்தனைக்கு வேலையில்லை. கருத்துக் கூறுவதற்கோ தொடக்கநிலை மாணவரிடம் மொழி போதாது. தருக்கப் பணியில் விடை சரியா தவறா என்பது திட்டவட்டமாகத் தெரியும் என்பதால் மாணவருக்குப் பாதுகாப்பு உணர்வு உண்டு.

இதில் பெரும்பகுதி ஏற்கத்தக்கது. ஆயினும் பேச்சு என்ற நோக்கில் பார்க்கும்போது, அவர் உயர்த்திப்பிடித்த தருக்கப் பணியே மிகக் குறைந்த பேச்சைக் கோருவது. மாணவர் உள்ளத்துக்குள் கணக்கிட்டுச் சொல்லவேண்டியது ‘பத்தேகால்’ என்ற ஒரு சொல்லாக இருக்கலாம். ‘மூன்றாவது பேருந்து’ என்ற ஒரு தொடராக இருக்கலாம். பிரபுவுக்கு இது குறையன்று. புரிந்துகொள்ளுதலே மொழியமைப்பை உருவாக்கும். பேச்சு அதன் பின்விளைவு என்று அவர் கருதினார். எனவே மாணவரின் ஒற்றைச்சொல் விடையை அவர் மனமுவந்து ஏற்றார். அவருடைய இம்முடிவை ஏற்காதவர்கூட, அவர் தம் நிலைப்பாட்டில் தெளிவாக இருந்தார் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அவரைச் சான்றுகாட்டிப் ‘பேச்சுத்திறன் வளர்க்கும் பணிகள்’ என்று தலைப்பிடுபவர்களிடம் இத்தெளிவு இல்லை.

குழுப்பணி: மறுக்கப்பட்டதும் மறக்கப்பட்டதும்

நான் வாசிக்க நேர்ந்த முனைவர்பட்ட ஆய்வேடுகள் சிலவற்றில் குழுப்பணிக்கு முன்னோடியாகப் பிரபு குறிப்பிடப்பெறுகிறார். நூலைத் திறந்து படிப்போர்க்கு இது வியப்பளிக்கும். அவர் தம் திட்டத்தில் குழுப்பணியைத் திட்டமிட்டே தவிர்த்தார். மாணவர் தாமாக விரும்பி அருகில் இருப்பவரிடம் கேட்பதை அவர் தடுக்கவில்லை. குழுவாகப் பிரித்துப் பேசவைப்பதை மேற்கொள்ளவில்லை. காரணங்களாக அவர் கூறியவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, வளர்ச்சி நிரம்பாத மொழியையே மாணவர் தமக்குள் பரிமாறிக்கொண்டால் அதுவே நிலைபெற்றுவிடும். இரண்டு, ஆசிரியர் முன் பிழைசெய்வதைவிட உடன்பயில்வோர் முன் தாழ்வாகத் தோன்றுவதையே பல மாணவர் அவமானமாக உணர்கின்றனர்.

முதற்காரணம் ஆய்வுகளின்முன் அவ்வளவு வலுவாக நிற்கவில்லை. 1985இல் மைக்கேல் லாங்கும் பாட்ரிசியா போர்ட்டரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மாணவர் தமக்குள் பேசும்போது பிழைகள் மிகுவதில்லை என்றும், பேச்சின் அளவும் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளும் முயற்சியும் கூடுகின்றன என்றும் காட்டினர். ஆனால் அவ்வாய்வுகளைத் தமிழகத்திற்கு அப்படியே கொண்டுவர இயலாது. பல தாய்மொழியினர் கூடியிருக்கும் வகுப்பில் ஆங்கிலமே ஒரே பொதுமொழி. நம் வகுப்பில் அனைவரும் தமிழர். குழுவாகப் பிரித்த மறுகணமே வகுப்பு தமிழில் பேசத் தொடங்கும். ஆசிரியர் அருகில் வரும்போது ஆங்கிலத்துக்கு மாறும். நகர்ந்ததும் மீண்டும் தமிழ். இதை ஒழுங்கின்மையாகக் கண்டு அதட்டுவோர் உண்டு. தம் மொழியில் பணியைப் புரிந்து, பங்கிட்டு, சொல் தேடும் வேலை ஒன்று அங்கே நடக்கிறது. மெரில் ஸ்வெயினும் ஷரோன் லாப்கினும் 2000இல் கனடாவின் பிரெஞ்சு மூழ்குவகுப்பு மாணவரிடம் இதையே கண்டனர். யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் ஆசிரியர்களின் மொழிக்கலப்பை ஆராய்ந்த சுரேஷ் கனகராஜாவும், தமிழ் அங்கு வகுப்பை நடத்தவும் பாடத்தை விளக்கவும் பயன்படும் வளமாக இருப்பதை 1995இல் எழுதினார்.

இரண்டாவது காரணம் வேறுவகையானது. அதைப் பிரபு சில வரிகளில் கடந்துவிடுகிறார். நாம் அவ்வாறு கடக்க இயலாது.

கல்லூரி முதலாண்டு வகுப்பில் ஆங்கிலத்தில் வாய்திறப்பது மொழிச்செயல் மட்டுமன்று. முதல் வாக்கியத்திலேயே ஒருவர் எந்தப் பள்ளியில் படித்தார், எந்த ஊர், வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவரா என்பனவெல்லாம் வெளிப்பட்டுவிடுகின்றன. ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்று ஒருவர் சொன்னால் பின்வரிசையில் எழும் சிரிப்பு மொழியியல் சார்ந்த சிரிப்பன்று. ஆங்கிலவழியில் பயின்றோர் நால்வரும் தமிழ்வழியில் பயின்றோர் இருவரும் ஒரு குழுவில் அமர்த்தப்பட்டால் யார் பேசுவார், யார் தாளில் எழுதித்தரும் வேலையை விரும்பி ஏற்பார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். குழுப்பணி மாணவரை மையப்படுத்துவது, ஆகவே மக்களாட்சித் தன்மை உடையது என்று கருதுவோர் இவ்விருவரின் மௌனத்தைக் கணக்கில் கொள்வதில்லை. முழு வகுப்பையும் ஆசிரியரே நடத்தும் முறை பழமையானது எனப் பழிக்கப்படுகிறது. ஆயினும் யாரிடம் எந்த வினாவைக் கேட்பது என்பது ஆசிரியர் கையில் இருப்பதால், மௌனமாக இருப்பவருக்கு அவரால் விடைகூற இயலும் வினாவைக் கொண்டுசேர்க்க அம்முறையில் வழியுண்டு. பிரபுவின் வகுப்பு அதைத்தான் செய்தது.

அளக்கப்படாத பேச்சு

திட்டம் முடிந்தபின் அலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் அதன் விளைவை மதிப்பிட்டு 1985இல் வெளியிட்டனர். பணிவழி பயின்ற வகுப்புகளும் வழக்கமான முறையில் பயின்ற வகுப்புகளும் ஒப்பிடப்பட்டன. ஒவ்வொரு தரப்பும் தம் முறைக்கு ஏற்ற தேர்வில் முன்னின்றது. இருதரப்புக்கும் பொதுவான தேர்வுகளில் பணிவழி வகுப்புகளின் நிலை மொத்தத்தில் மேலோங்கியிருந்தது. முடிவு பிரபுவுக்கு ஓரளவு ஆதரவானது. ஒப்பீட்டு வகுப்புகள் திட்டத் தொடக்கத்திலேயே முறையாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்ற குறை அதற்கு உண்டு.

நம் நோக்கில் முதன்மையானது வேறொன்று. இலக்கண அமைப்பு, சூழலோடு இணைந்த இலக்கணம், சொல்வதெழுதல், கேட்டலும் வாசித்தலும், பணி ஆகியன அளக்கப்பட்டன. பேச்சுக்குத் தனித்தேர்வு இல்லை. உலகெங்கும் பணிவழிப் பேச்சுப் பயிற்சிக்குச் சான்றாகக் காட்டப்படும் ஒரு திட்டத்தில் மாணவர் எவ்வளவு பேசக் கற்றனர் என்பது அளக்கப்படவே இல்லை! பிரபுவைக் குற்றஞ்சொல்ல இது போதிய காரணமன்று. பேச்சு அவருடைய நேரடி இலக்கு அன்று என்பதை மேலே கண்டோம். அவரைப் பேச்சுப் பயிற்சிக்குச் சான்றாக்கிய நம்மைக் குற்றஞ்சொல்லப் போதிய காரணம்.

புரிதல் போதும், பேச்சு பின்னர் வரும் என்ற கொள்கைக்கு எதிரான வலுவான சான்றும் அதே 1985இல்தான் வந்தது. கனடாவில் பல ஆண்டுகள் பிரெஞ்சுமொழியிலேயே பாடங்களைப் பயின்ற மாணவர், கேட்பதிலும் வாசிப்பதிலும் தாய்மொழியாளர்க்கு நெருங்கிய திறன் பெற்றிருந்தும், பேச்சில் இலக்கணத்தில் மிகவும் பின்தங்கியிருந்ததை ஸ்வெயின் எடுத்துக்காட்டினார். புரிந்துகொள்வதற்குச் சொற்பொருளும் சூழலும் போதும். சொல்லவேண்டிவரும்போதுதான் விகுதியையும் காலத்தையும் தேடவேண்டியுள்ளது. தன்னிடம் எது இல்லை என்பது பேசுவோருக்கு அப்போதே தெரியவருகிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆங்கிலவழியில் பயின்று, பாடநூலை எளிதில் வாசிக்கும் நம் மாணவர் பலர் நேர்காணலில் தடுமாறுவதை இக்கருத்து நன்கு விளக்குகிறது.

பிரபுவின் நூலிலேயே இதற்குப் பாலமாக அமையக்கூடிய ஒரு வேறுபாடு உள்ளது. பரவலாகப் பேசப்படாத அதனை நூலின் நுண்மையான பகுதிகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். மாணவர் பிறர் கூற்றைத் திரும்பச் சொல்வதில் இருவகை உண்டு. பொருள் தேவையின்றி அப்படியே சொல்வது ஒப்பித்தல். தாம் சொல்லவிரும்பும் பொருளுக்கு ஆசிரியர் சற்றுமுன் பயன்படுத்திய தொடர் பொருந்துவதைக் கண்டு அதை எடுத்தாள்வது கடன்பெறுதல். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. இரண்டிலும் மாணவர் வாயிலிருந்து வருவது பிறர் சொற்களே. வங்கி உரையாடலை மனனம் செய்த இருவரும் ஒப்பித்தனர். அதே தொடர்களைப் பலகையில் வைத்து, எதைக் கேட்பது என்பதை அவர்களிடமே விட்டிருந்தால் கடன்பெற்றிருப்பர்.

மேடைவழக்காகும் ஆங்கிலம்

ஒப்பித்தல் நம் வகுப்பறையில் இவ்வளவு இயல்பாகப் படிவதற்குத் தேர்வுமுறையைக் காரணம் காட்டுவது வழக்கம். அது உண்மையே. தேர்வில் உரையாடல் எழுதச்சொல்லி வினா வருகிறது. பேச்சே எழுத்தில் தேர்வு செய்யப்படுகிறது. ஆனால் அதற்கு அடியில் தமிழ்மொழிச் சூழல் சார்ந்த இன்னொரு காரணமும் உண்டு என்பது என் கருத்து.

தமிழ்க்குழந்தை பள்ளிக்கு வருமுன் பேச்சுத்தமிழை முழுமையாக அறிந்துவருகிறது. பள்ளியில் எழுத்துத்தமிழைக் கற்கிறது. இரண்டும் வெவ்வேறு பணிகளுக்குரியன என்பதையும் விரைவில் கற்றுக்கொள்கிறது. தமிழின் இவ்விரட்டைவழக்கைப் பற்றிப் பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் தனிநூலே எழுதினார். எழுத்துவழக்கு வாய்வழி வெளிப்படும் இடங்கள் சிலவே: மேடைப்பேச்சு, செய்தி வாசிப்பு, இறைவணக்கக் கூட்டத்தில் குறளும் உரையும் சொல்லுதல். அங்கெல்லாம் முன்னரே ஆயத்தம் செய்வதும், நிமிர்ந்து நின்று உரக்கச் சொல்வதும், இடையில் எவரும் குறுக்கிடாமல் இருப்பதும் முறைமை. எனவே நூலில் படித்த மொழியை வாயால் சொல்லுதல் என்றால் மேடையில் சொல்வதுபோல் சொல்லுதல் என்பது நம் மாணவர் அறிந்த ஒன்று.

ஆங்கிலமும் அவருக்கு நூல்வழியே வருகிறது. அதைப் பேசச்சொன்னால் அவர் மேடைவழக்கின் முறைமைகளைப் பின்பற்றுகிறார். ‘எனக்கு விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்று இடைமறிப்பது மேடையில் இல்லாத ஒன்று. ஆதலால் வகுப்பறை ஆங்கிலத்திலும் அது இல்லை. உரையாடலின் உயிர்நிலையான இடைமறித்தல், தயங்குதல், திருத்திச் சொல்லுதல், பாதியில் விடுதல் ஆகியன அவருக்குப் பிழையாகத் தோன்றுகின்றன. இக்கருத்தைச் சோதிக்கக் களஆய்வு தேவை. இரட்டைவழக்கு குறித்துத் தமிழியலார் கொண்டுள்ள அறிவு ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வுக்குச் செல்வதே இல்லை. இருதுறையும் ஒரே கட்டடத்தின் இரு தளங்களில் இருந்தும் ஒன்றன் நூலை மற்றொன்று திறப்பதில்லை.

மாணவர் விரும்புவது எது என்பதும் எளிதான வினா அன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் பாடநூலொன்றைக் கொண்டு கற்பித்த அனுபவத்தைக் கனகராஜா 1993இல் கட்டுரையாகவும் 1999இல் நூலின் பகுதியாகவும் எழுதினார். அப்பாடநூலின் உரையாடல்களிலும் செயல்பாடுகளிலும் மாணவர் ஈடுபாடு காட்டவில்லை. நூலின் ஓரங்களில் தமிழில் எழுதியும் படங்களை மாற்றி வரைந்தும் தம் உலகை அதில் நுழைத்தனர். அதேவேளை இலக்கணத்தையும் குறிப்புகளையும் தருமாறு கோரினர். போர்ச்சூழலில் பயின்ற அவர்களுக்கு, அந்நிய நாட்டு நகர வாழ்க்கையை நடித்துக்காட்டுவதைவிடத் தேர்வுக்கு உதவும் இலக்கணம் நேர்மையான பண்டமாகத் தோன்றியிருக்கலாம். ‘மாணவருக்கு இலக்கணம்தான் வேண்டும், பேச விருப்பமில்லை’ என்று ஓய்வறையில் பேசிக்கொள்ளும்போது, எந்தப் பேச்சை நாம் அவர்களுக்குக் கொடுத்தோம் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

பிழையும் காத்திருப்பும்

பிழைதிருத்தம் குறித்து விரிவாகப் பேச இங்கு இடமில்லை; ஒன்றை மட்டும் சுட்டலாம். மாணவர் பிழையாகச் சொன்னதை ஆசிரியர் திருத்திய வடிவில் இயல்பாகத் திரும்பச்சொல்லும் முறையைப் பிரபு போற்றினார். பின்வந்த பலரும் போற்றினர். ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் 1997இல் பிரெஞ்சு மூழ்குவகுப்புகள் நான்கை ஆராய்ந்தபோது, ஆசிரியரின் திருத்தங்களுள் 55 விழுக்காடு இவ்வகையாக இருந்தது. அவற்றுள் 31 விழுக்காட்டுக்கே மாணவரிடமிருந்து ஏதேனும் எதிர்வினை வந்தது. மற்ற திருத்தமுறைகள் அனைத்தையும்விட இது குறைவு. நம் வகுப்பில் இதன் காரணத்தை ஊகிப்பது எளிது. மாணவர் விடையை ஆசிரியர் திரும்பச் சொன்னால் ‘சரி’ என்று பாராட்டுவதாகவே பொருள். ‘நேற்று என்ன செய்தாய்?’ என்று நேருக்குநேர் திருப்பிக்கேட்டு, காலவிகுதியை மாணவரே தேடுமாறு விடுதல் இங்கு மேல். அதற்கு ஆசிரியர் காத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து, வினா கேட்டபின் ஆசிரியர் ஒரு நொடி அளவே காத்திருப்பதையும், அதை மூன்று நொடியாக நீட்டித்தாலே விடைகள் நீள்வதையும் காட்டினார். பிறமொழியில் விடை தேடுவோர்க்கு மூன்று நொடியும் போதாது. வகுப்பறையில் ஐந்து நொடி மௌனத்தைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்பதை முயன்று பார்த்தோர் அறிவர்.

அறுபது பேர் கொண்ட வகுப்பில்

அறுபது பேர் உள்ள வகுப்பில் இவையெல்லாம் இயலுமா என்பது நியாயமான வினா. இயலுவன சில உண்டு. பால் நேஷன் பரப்பிய நான்கு–மூன்று–இரண்டு என்னும் முறையில், ஒரு செய்தியை ஒருவரிடம் நான்கு நிமிடமும், அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடமும், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடமும் சொல்லவேண்டும். ஒரே சமயத்தில் முப்பது பேர் பேசுவர். கேட்போர் மாறிக்கொண்டே இருப்பதால் முகம்பார்த்து நகைக்க அவகாசமில்லை. இரைச்சல் எழும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப்பார்ப்பார். அதைத் தவிர வேறு செலவில்லை. நம் மாணவருக்கு நான்கு நிமிடம் மிகுதி. இரண்டு, ஒன்றரை, ஒன்று எனக் குறைத்தே தொடங்கினேன். கேட்போர் எதையும் செய்யாமல் தலையசைத்துக் கொண்டிருக்கலாம் என்பது இம்முறையின் குறை. கேட்டதை அடுத்தவரிடம் சொல்லும் பொறுப்பைக் கேட்போரிடம் வைத்தால் அக்குறை ஓரளவு நீங்கும்.

வங்கிச் செயல்பாட்டையும் மாற்றிப்பார்த்தேன். உரையாடலை எடுத்துவிட்டு, இருவருக்கும் இரு தாள்கள். கணக்குத் தொடங்கத் தேவையான ஆவணங்களின் பட்டியல் எழுத்தரிடம். வாடிக்கையாளரின் கையில் உள்ளவை எவை என்பது வாடிக்கையாளரிடம். இரண்டும் பொருந்தவில்லை. முகவரிச் சான்று பழைய ஊருக்குரியது. ஒளிப்படம் ஒன்றுதான் உள்ளது. கணக்குத் தொடங்க வழியுண்டா என்பதை இருவரும் முடிவுசெய்ய வேண்டும். தகவல் இடைவெளியில் தொடங்கித் தருக்க இடைவெளியில் முடியும் பணி இது. பிரபு பிரித்தவற்றை இணைத்தது என்றும் கொள்ளலாம். தேவைப்படும் தொடர்கள் பத்து பலகையில் இருந்தன, கடன்பெறுவோர் பெறலாம்.

முன்பு வரியைத் தவறவிட்ட அதே மாணவர் இம்முறை எழுத்தராக அமர்ந்தார். எதிரில் இருந்தவர் முகவரியைப் பற்றி ஏதோ வேகமாகச் சொன்னார். இவர் சற்றுநேரம் தாளைப் பார்த்தார். பின்னர் நிமிர்ந்து, ‘வாட்? அகெய்ன் சொல்லுங்க’ என்றார். அவ்வாண்டு அவ்வகுப்பில், எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டதனால் மட்டுமே எழுந்ததாக நான் குறித்துவைத்த முதற்கூற்று அது. உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம் என நான்கு கட்டங்கள் கொண்ட மதிப்பெண் தாள் என் கையில் இருந்தது. அக்கூற்றை அவற்றுள் எந்தக் கட்டத்தில் இடுவது என்று எனக்குத் தெரியவில்லை.